காட்டு வாத்துகளைப் படம் எடுப்பதும் இறகு நிறம் கெடாமல் எடிட் செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பறவைப் படம் எடுக்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேமராவைப் பற்றிய கேள்விகளைவிட நிறத்தைப் பற்றிய கேள்விகளே அதிகம் வருகின்றன. அதனால் அந்தப் பகுதிதான் நீளம்.

நம் மாவட்டங்களில் காட்டு வாத்துகளை எங்கே, எப்போது பார்க்கலாம்?

புள்ளி மூக்கு வாத்து ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும். தண்ணீர் நிற்கிற, ஓரத்தில் கோரையும் புல்லும் உள்ள ஏரிகளில் பெரும்பாலும் ஜோடியாகக் கண்ணில் படும். கிருஷ்ணகிரி அணை, பாரூர் ஏரி, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை, ராமநாயக்கன் ஏரி, தருமபுரி மாவட்டத்தில் பஞ்சப்பள்ளி சின்னாறு அணை, நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு என்று தேடிப் பார்க்க இடங்கள் நிறைய. எங்கே போனாலும் அணைச் சுவரை விட்டுவிட்டு, தண்ணீர் பரந்து ஆழம் குறைகிற வால் பகுதிக்குப் போங்கள். இந்த வாத்துகள் தலையைக் கவிழ்த்து, வாலை மேலே தூக்கி மேய்பவை. கழுத்தை நீட்டினால் அடிச்சேறு எட்ட வேண்டும். ஆழத்தில் அவற்றுக்கு வேலை இல்லை.

ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், கிளுவை ஆகியவை வடக்கிலிருந்து வலசை வருபவை. நவம்பரிலிருந்து மார்ச் வரை அவற்றை எதிர்பார்க்கலாம். நல்ல மழை பெய்து ஏரிகள் எல்லாம் நிரம்பிக் கோடி போன (உபரி நீர் வழிந்த) ஆண்டில் கூட்டம் பல ஏரிகளுக்குச் சிதறிவிடும். அப்புறம் சின்ன ஏரிகள் வற்ற வற்ற, தண்ணீர் மிச்சம் இருக்கும் இடத்தில் வந்து சேரும். என்னைக் கேட்டால் படத்துக்கு ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும்தான் நல்ல காலம். கூட்டமும் இருக்கும், ஆண் வாத்துகளின் நிறமும் ஏறியிருக்கும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அறுவடை முடிந்த வயலில் மேய்கிற வாத்துகளும் காட்டு வாத்துகள்தானா?

இல்லை. கோலோடு ஓர் ஆள் பின்னால் நடந்து மேய்ப்பது வளர்ப்பு வாத்து. ஏரியில் கறுப்பாக, நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நீந்துகிற நாமக்கோழியும் வாத்து இனம் கிடையாது. திடீரென்று முங்கி வேறு இடத்தில் எழும் சின்ன முக்குளிப்பானும் அப்படித்தான்.

எவ்வளவு அருகில் போகலாம்?

வாத்தே சொல்லிவிடும். மேய்ந்துகொண்டிருந்த கூட்டத்தில் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து கழுத்து நேராக நின்றால், நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி மெல்ல விலகி நீந்தினால், எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அங்கேயே உட்காருங்கள், அல்லது இரண்டடி பின்வாங்குங்கள்.

நாம் நெருங்குவதைவிட அவற்றை நெருங்க விடுவதே நல்ல படம் தரும். விடிவதற்கு முன்பே போய், ஏரியின் கிழக்குக் கரையில், வேலிக்காத்தான் புதர் ஓரமாகத் தாழ உட்கார்ந்துவிடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் எழும்; வெளிச்சம் நேராகப் பறவை மேல் விழும். லென்ஸ் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குப் பின்னணி மங்கும், வாத்தின் கண் நம் கண்ணுக்கு நேராக வரும். கரைமேல் நின்று கீழ்நோக்கி எடுத்தால் முதுகும் தண்ணீரும்தான் கிடைக்கும்.

பரிசலில் போய்க் கூட்டத்தைக் கிளப்பிவிடச் சொல்லிப் பறக்கிற படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கே மேய்ந்துதான் சேர்க்கிறது. புள்ளி மூக்கு வாத்து மழைக்குப் பிறகு கரையோரப் புல்லில் முட்டையிடும். குஞ்சுகளோடு தாய் தெரிந்தால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். காட்டு வாத்துகளைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வலை விரித்திருப்பதைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேமரா செட்டிங் எப்படி வைப்பது?

நீந்துகிற வாத்துக்கு ஷட்டர் 1/800 வினாடி போதும். சிறகடிப்பதற்கும் பறப்பதற்கும் 1/2000 வினாடியைவிட வேகமாகப் போங்கள். லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஆட்டோவில் விடலாம். 300 எம்எம்முக்கு மேல் எந்த லென்ஸும் சரி. தூரத்தை லென்ஸால் மட்டும் வென்றுவிட முடியாது. ஒன்பது மணிக்கு மேல் தண்ணீருக்கு மேலே வெப்பக் காற்று அலையடிக்கத் தொடங்கினால், லட்ச ரூபாய் லென்ஸிலும் இறகு குழைந்துதான் தெரியும்.

எக்ஸ்போஷரில், அதாவது படத்தின் வெளிச்ச அளவில், மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பளபளக்கிற தண்ணீரில் பழுப்பு வாத்து இருந்தால், கேமரா தண்ணீரைப் பார்த்து ஏமாந்து வாத்தை இருட்டாக்கும். அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). நிழல் விழுந்த கறுத்த தண்ணீரில் ஊசிவால் ஆணின் வெள்ளை மார்பு இருந்தால் அதற்கு நேர்மாறு, குறைக்க வேண்டும். கெலவரப்பள்ளியில் ரசாயனக் கழிவு நுரை மிதக்கும் நாட்களில் பின்னணி முழுக்க வெள்ளையாகிவிடும். அப்போதும் கூட்டத்தான் வேண்டும். அந்த நுரையைப் படத்திலிருந்து அழிக்கவும் வேண்டாம். அந்த வாத்து எந்தத் தண்ணீரில் நீந்தியது என்பது படத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஹிஸ்டோகிராமில், அதாவது இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தில், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும்படி வையுங்கள். காலை வெயிலில் செம்பழுப்பான சீழ்க்கைச் சிறகியை எடுக்கும்போது, மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரியும். சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி வெட்டுப்பட்டிருக்கும். அங்கே இறகின் விளிம்பு, கோடு எல்லாம் போய் ஒரே ஆரஞ்சுத் திட்டு மிஞ்சும். அதை எடிட்டிங்கில் முழுசாக மீட்க முடியாது.

ரா ஃபைலா, ஜேபெக்கா?

நிறத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் என்றால் ரா, அதாவது சென்சார் பதிந்ததைக் கேமரா மெருகேற்றாமல் தரும் ஃபைல். ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. வாத்தின் உடம்பு முழுக்கப் பழுப்பிலிருந்து பழுப்புக்கு நகரும் மெல்லிய மாற்றங்கள். அவற்றுக்கு அந்தப் படிகள் தேவை. தவிர, ஜேபெக்கில் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் மஞ்சள், நீலச் சாயலைச் சரிக்கட்டும் அமைப்பை, கேமராவே முடிவு செய்து பூட்டிவிடுகிறது.

புள்ளி மூக்கு வாத்தின் இறக்கைப் பட்டை ஒரு படத்தில் பச்சை, அடுத்த படத்தில் ஊதா. எதைச் சரி என்று வைத்து எடிட் செய்வது?

இரண்டும் சரி. அதிகம் வருகிற கேள்வி இதுதான். நிறைய படங்கள் கெடுவதும் இங்கேதான்.

வாத்தின் இறகில் இரண்டு வகை நிறம் உண்டு. பழுப்பு, செம்பழுப்பு, கறுப்பு எல்லாம் மெலனின் என்ற நிறமியால் வருபவை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் பழுப்பு பழுப்புதான். இறக்கையின் பின்பகுதியில் மின்னுகிற பச்சைப் பட்டையோ வேறு கதை. அந்த இறகில் பச்சை நிறமி எதுவும் கிடையாது. இறகின் நுண்ணிழைகளில் கெரட்டின் என்ற பொருளால் ஆன மெல்லிய படலம், அதன் கீழே மெலனின் துகள்கள். படலத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேரும்போது, சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. மழை ஈரத் தார்ச்சாலையில் சிந்திய பெட்ரோல் வானவில்லாக மின்னுவதும் இதே காரணத்தால்தான். பார்க்கிற கோணம் மாறினால் படலத்துக்குள் ஒளி போய் வரும் தூரம் மாறும், நிறமும் மாறும்.

வாத்து இறகு கோதும்போது பொறுமையாகப் பாருங்கள். இறக்கையைச் சற்றுத் தளர்த்தி அலகைப் பின்னால் கொண்டுபோகிறது. பட்டை முதலில் கறுப்பாகவே இருக்கும். உடம்பு சற்றுத் திரும்பியதும் நடு இறகில் ஒரு பச்சைக் கீற்று எரியும். இன்னும் திரும்பினால் நீலம் கலந்து, ஓர இறகில் ஊதா எட்டிப் பார்க்கும். அப்புறம் மறுபடி கறுப்பு. ஒரே பட்டை, ஒரே வெயில். அடுத்தடுத்து எடுத்த படங்களில் மூன்று நிறம் வந்தால் அதில் கேமராவின் குறை எதுவும் இல்லை.

ஆகவே பறவைக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஊதாவைப் பச்சைக்கு இழுக்காதீர்கள். கையேட்டில் இருப்பது ஒரு கோணம். கறுப்பாக இருக்கிற பட்டைக்குப் பிரஷ் எடுத்துப் பச்சை பூசுவது அதைவிட மோசம். நுண்ணிழைகள் ஒளியைத் திருப்பாத இடத்தில் பூசிய நிறம், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஒட்டவைத்தது மாதிரி தெரியும். தட்டைவாயன் ஆணின் தலைப் பச்சைக்கும் குள்ளத்தாரா ஆணின் முதுகுப் பச்சைக்கும் இதே விதிதான். பச்சை வேண்டும் என்றால் எடுக்கும்போதே வேண்டும். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க, வாத்து திரும்புகிற நேரத்துக்குத் தொடர்ந்து சில ஷாட் எடுத்து, பச்சை எரிந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

காலை வெயிலில் எல்லாம் மஞ்சளாக வருகிறது. ஒயிட் பேலன்ஸை எப்படிச் சரிசெய்வது?

முதலில், முழுக்கச் சரிசெய்யத் தேவையில்லை. ஏழு மணி வெயில் மஞ்சள்தான். அதை நடுப்பகல் வெள்ளையாக்கினால் நிழல்கள் நீலம் பாய்ந்து, படம் எப்போது எடுத்தது என்றே தெரியாமல் போகும். கேமராவை ஆட்டோவில் விடாமல் பகல் வெயில் அமைப்பில், அதாவது ஏறத்தாழ 5200லிருந்து 5500 கெல்வினில் வைத்துவிடுங்கள். காலையின் சூடு படத்தில் தங்கும்; எல்லாப் படமும் ஒரே மாதிரி வரும். எடிட் செய்யும்போது அதிகமாகப் பட்டால் 300, 400 கெல்வின் மட்டும் குறைத்துப் பாருங்கள்.

ஒயிட் பேலன்ஸுக்கு அளவாகச் சாம்பல் நிறம் கிடைக்கும் என்று கரையில் இருக்கும் கல்லைச் சொட்டுக் கருவியால் (தொட்ட இடத்தைச் சாயலற்றது என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள் கருவி) தொடுகிறார்கள். நம் பக்கத்துக் கிரானைட்டில் இளஞ்சிவப்பு ஓடுவது உண்டு. அதை நம்பினால் வாத்து பச்சைக்குச் சாயும். புள்ளி மூக்கு வாத்தின் முதுகோரம் இருக்கும் வெள்ளை இறகு பரவாயில்லை, ஆனால் அதுவும் வெயில் நேராகப் படும் இடமாக, வெட்டுப்படாததாக இருக்க வேண்டும். செம்மண் தண்ணீரில் மேய்ந்த பறவையின் வெள்ளையில் கறை ஏறியிருக்கும். ஊசிவாலின் மார்பில் துருப்பிடித்தது போன்ற சாயல் தெரிந்தால் அதை வெளுக்காதீர்கள். அது அந்தப் பறவை மேய்ந்த மண்.

வயிற்றுப் பக்கம் பச்சையடிக்கிறது. ஏன்?

ஆகாயத்தாமரையும் பாசியும் படர்ந்த ஏரியில் வெயில் இலைமேல் பட்டு மேலே தெறிக்கும். வாத்தின் அடிப்பக்கம் அதை வாங்கிக்கொள்ளும். மொத்தப் படத்துக்கும் மெஜந்தா (பச்சைக்கு எதிரான கருஞ்சிவப்புச் சாயல்) கூட்டினால் முதுகு சிவந்துபோகும். அடிப்பக்கத்துக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து), அங்கே சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கொஞ்சம் குறையுங்கள். முழுக்க எடுத்துவிட வேண்டாம். பச்சை இலைகளுக்கு நடுவே சுத்தச் சாம்பல் வயிறு இருந்தால் வாத்தை வெட்டி ஒட்டியது போல் இருக்கும்.

ஒரு படத்தை ஆரம்பத்திலிருந்து எப்படி எடிட் செய்கிறீர்கள்?

பாரூர் ஏரியில் காலையில் எடுத்த ஒரு புள்ளி மூக்கு வாத்தை வைத்தே சொல்கிறேன். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் செய்தது. காசு கொடுக்காமல் கிடைக்கும் டார்க்டேபிள், ரா தெரப்பி இரண்டிலும் இதே வேலையைச் செய்யலாம்.

எந்த ஸ்லைடரையும் தொடுவதற்கு முன் ப்ரொஃபைலை (ராவுக்கு முதலில் நிறம் தரும் அமைப்பை) நியூட்ரல் அல்லது ஸ்டாண்டர்டுக்கு மாற்றினேன். விவிட், லேண்ட்ஸ்கேப் என்று இருப்பவை பச்சையையும் ஆரஞ்சையும் ஏற்கெனவே ஏற்றிவிட்டுத்தான் நம் கையில் கொடுக்கும். அடுத்து ஒயிட் பேலன்ஸ். அதன்பின் எக்ஸ்போஷர்: இங்கே நான் பார்த்தது வாத்தின் விலா. அங்கே ஒவ்வொரு இறகும் நடுவில் கரும்பழுப்பு, விளிம்பில் வெளிர் மாவு நிறம். செதில் செதிலாக அடுக்கியிருக்கும். அந்த விளிம்பும் நடுவும் பிரிந்து தெரிகிற வெளிச்சமே சரியான வெளிச்சம். ஹைலைட்டை (மிக வெளிச்சமான பகுதிகளை) குறைத்ததும் முதுகோர வெள்ளை இறகில் நரம்பு தெரிந்தது, அதோடு நிறுத்தினேன். இன்னும் இழுத்தால் வெள்ளை அழுக்குச் சாம்பலாகிவிடும்.

கான்ட்ராஸ்டுக்கு (இருட்டுக்கும் வெளிச்சத்துக்குமான வேறுபாட்டுக்கு) டோன் கர்வ் என்ற கோட்டில் மிக மெல்லிய வளைவு. இந்த வரிசை முக்கியம். கான்ட்ராஸ்ட் கூட்டினாலே நிறமும் தானாக ஏறும். முதலில் சாச்சுரேஷனைக் கூட்டிவிட்டு அப்புறம் கான்ட்ராஸ்டுக்குப் போகிறவர்களின் வாத்து, செங்கல் நிறத்தில் முடிகிறது. எனக்கு அந்தப் படத்தில் சாச்சுரேஷன் தேவைப்படவே இல்லை. வைப்ரன்ஸ் கொஞ்சம் சாதுவானது, மங்கிய நிறங்களை மட்டும் அதிகம் தூக்கும். ஆனால் பழுப்பு வாத்தில் மங்கிய நிறம்தான் பறவையே! அதனால் அதையும் தொடவில்லை. அலகு நுனி மஞ்சள் மட்டும் கண்ணைக் குத்தியது. மஞ்சளின் லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சத்தை) அங்கே இரண்டு, மூன்று புள்ளி இறக்கியதும் அலகின் வளைவு திரும்பக் கிடைத்தது. அலகு அடியில் இருக்கும் சிவப்புப் புள்ளிகளைக் கை வைக்காமல் விட்டேன்.

கடைசியாக, கணினியை விட்டு எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். ஒரே படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அந்தச் சாயலுக்குப் பழகி, போதவில்லை போதவில்லை என்றே சொல்லும். வெளியே வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தால் மிகை உடனே தெரியும்.

நவம்பரில் வந்த ஆண் வாத்துகள் பெண் மாதிரி மங்கலாக இருக்கின்றன. நிறத்தைக் கூட்டலாமா?

கூடாது. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பகட்டான இறகை உதிர்த்துப் பெண்ணைப் போன்ற மங்கல் இறகுக்கு மாறும். அந்தச் சமயத்தில் பறக்கும் இறகுகளும் ஒரேயடியாக உதிர்ந்து சில வாரம் பறக்க முடியாது; மறைந்து பிழைக்க மங்கல் நிறம் உதவுகிறது. நம் ஏரிக்கு வரும்போது பலவும் அந்த உடையிலேயே வரும். ஊசிவால் சீக்கிரம் மாறிவிடும். நீலச்சிறகி ஆண் தாமதம். புருவத்தில் அந்த வெள்ளைப் பிறை தெளிவாகத் தெரிய பிப்ரவரி ஆகிவிடும். மங்கலாக இருக்கும்போது ஆணைக் கண்டுபிடிக்கச் சிறகு விரிக்கும் நொடியைப் பிடியுங்கள். முன்சிறகு வெளிர் நீலச்சாம்பலாக இருக்கும். உங்கள் படத்தில் இறகு பாதி மாறியிருந்தால் அது நல்ல ஆவணம். தேதியோடு வைத்திருங்கள்.

ஏஐ டீநாய்ஸ் பயன்படுத்தலாமா?

படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை (நாய்ஸ்) நீக்கும் கருவி அது. அளவோடு பயன்படுத்தலாம். ஊசிவால், கிளுவை ஆண்களின் விலாவில் சாம்பலும் வெள்ளையுமாக மெல்லிய அலைக் கோடுகள் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சாம்பல், கிட்டே பார்த்தால் அத்தனையும் கோடு. அதிகம் கொடுத்தால் மென்பொருள் அதை நாய்ஸ் என்று நினைத்து வழித்துவிடும், அல்லது இல்லாத கோட்டைத் தானே வரைந்துவிடும். பின்னணித் தண்ணீருக்கு முழுதாகவும், பறவைக்குப் பாதிக்கும் குறைவாகவும் கொடுங்கள். நூறு சதவீதத்தில் விலாவைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

என் கணினியில் ஒரு நிறம், நண்பர் போனில் வேறு நிறம். என்ன செய்வது?

ஏற்றுமதி செய்யும்போது எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்பைத் தேர்ந்தெடுங்கள். அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால், அதைப் புரிந்துகொள்ளாத செயலிகளில் நிறம் வெளிறிப்போகும். எடிட் செய்கிற திரையின் பிரகாசத்தைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். இரவு நேர மஞ்சள் திரை வசதி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருட்டியபின் எடிட் செய்தவர்களின் வாத்து நீலம் பாய்ந்து வருவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். போனில் டிஸ்ப்ளே விவிட் என்று இருந்தால் நேச்சுரலுக்கு மாற்றுங்கள். அதற்கு மேல் அடுத்தவர் திரை நம் கையில் இல்லை.

போனிலேயே எடிட் செய்தால் போதாதா?

போதும். ஸ்னாப்சீடும் லைட்ரூமின் போன் வடிவமும் ரா ஃபைலைத் திறக்கும். ஒரே தட்டலில் முடிக்கிற ஃபில்டர்களை மட்டும் தொடாதீர்கள். அவை மனித முகத்துக்கும் சாப்பாட்டுக்கும் செய்தவை.

குறுக்கே வந்த புல்லை நீக்கலாமா? வானத்தை மாற்றலாமா?

வீட்டுச் சுவரில் மாட்டுகிற படம் என்றால் உங்கள் விருப்பம், கேட்பவரிடம் சொல்லிவிடுங்கள். போட்டிக்கு அனுப்பினால் விதிகளைப் படியுங்கள். இயற்கைப் படப் போட்டிகள் பலவும் எதையும் சேர்ப்பதையும் நீக்குவதையும் ஏற்பதில்லை. அசல் ரா ஃபைலையும் கேட்கும். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போதோ மற்ற நாட்களிலோ இபேர்டில் (பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளம்) பதிவேற்றும் படம் என்றால் நிறத்தைத் தொடவே வேண்டாம், கிராப் செய்து வெளிச்சம் மட்டும் சரிசெய்யுங்கள். நீலச்சிறகியா கிளுவையா என்று சரிபார்க்கிறவர் இறக்கைப் பட்டையின் நிறத்தையும் புருவக் கோட்டையும் பார்த்துத்தான் முடிவு செய்வார். படத்தோடு ஏரியின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.